அம்மாவின் உயரம்

அப்பா வீட்டுக்குள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றதை என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். ரயிலில் டிக்கெட் சோதிக்கப் போகும்போது அணியும் கறுப்புத் தோல் சப்பாத்து அது, குதிகால் கனமானது. அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலையும் கிடையாது. காலையிலேயே அதற்குப் பாலிஷ் போட்டு, அம்மா கழுவித் துடைத்து வைத்திருந்த சிமெண்டுத் தரையில், சாமி படங்களுக்கு எதிரே விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். வாசலில் தன் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்த சீனப் பெண்மணி முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார், பிறகு மரியாதையாக வேறு பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னங்க இது, வீட்டுக்குள்ள?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீ சும்மா இரு லா," என்றார் அப்பா, உதடு அசையாமல்.

வந்தவரை நாங்கள் மேடம் என்றே அழைத்தோம். ஒரு காலத்தில் கூடைப்பந்து நன்றாக ஆடியவர். அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கிள்ளானில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, தன் செலவில் ஒரு மகளிர் கூடைப்பந்து அணி நடத்தினார். அந்த அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது மேடத்தின் வேலை. அவர் அன்று என்னைப் பார்க்க வரவில்லை. பள்ளி ஆட்டங்களில் என்னைப் பல தடவை பார்த்திருந்தார். அவர் பார்க்க வந்தது என் அப்பாவையும் அம்மாவையும். இன்னும் சரியாகச் சொன்னால், அவர்களுடைய உயரத்தை.

இது எண்பதுகளின் நடுவில். எனக்குப் பதினெட்டு வயது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அந்த வரிசையில் என்னை விட உயரமான பெண் கிடையாது. ஆண்களிலும் அதிகம் பேர் கிடையாது. எங்கள் குடியிருப்புப் பையன்கள் எனக்கு வைத்த பெயர் தியாங் லம்பு, அதாவது விளக்குக் கம்பம். நான் தெருவில் நடந்தால் ஒருவன் "லைட்டு போடு!" என்று கத்துவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர்களைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் தாங்க முடியாமல் இருந்தது அம்மாவின் கை. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் கூட்டத்தில் எங்கிருந்தோ அந்தக் கை வந்து என் பிடரியில் உட்கார்ந்து லேசாக அழுத்தும். குனி என்று அர்த்தம். தலைமுடியை மேலே தூக்கிக் கட்டக் கூடாது, தட்டைச் செருப்புதான் போட வேண்டும், குடும்பப் படம் எடுக்கும்போது நான் மட்டும் ஸ்டூலில் உட்கார வேண்டும்.

அவளுக்கு என் மேல் கோபம் ஒன்றும் இல்லை, பயம்தான். அந்த வருடம்தான் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஜெஞ்சாரோமில் இருந்த பெரியப்பா கொண்டுவந்த இடங்களில் எல்லாம் முதல் கேள்வி படிப்பைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ இல்லை. "பொண்ணு ரொம்ப ஒசரமாமே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்து நேரில் வந்து பார்த்த ஒரு பையனை நான் கோப்பித் தட்டோடு நெருங்கியபோது அவன் எழுந்து நின்றான். எழுந்தவன் உடனே உட்கார்ந்துவிட்டான். போகும்போது அவன் அம்மா என் அம்மாவிடம், "நல்ல பிள்ளைதான், என்ன பண்றது" என்று துக்கம் விசாரிப்பது போலச் சொல்லிவிட்டுப் போனார். அன்று அம்மா சாப்பிடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை, கூடைப்பந்துத் திடலில் நான் குட்டை. வளையத்துக்கு அடியில் நின்று தடுத்து, பந்தைப் பறித்து ஆடும் நடுவாட்டக்காரியாகத்தான் எங்கள் பள்ளியில் என்னை வைத்திருந்தார்கள். பள்ளி அளவில் அது சரி. வெளியில் பெரிய அணிகள் அந்த இடத்துக்கு ஆறடியை ஒட்டிய பெண்களைத் தேடின. நான் ஐந்தடி எட்டரை அங்குலம். ஆகவே வீட்டில் நான் கூடுதல், திடலில் குறைச்சல். எந்தப் பக்கம் நின்றாலும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்தக் காலத்தில் கோலாலம்பூர், கிள்ளான் பக்கத்து மகளிர் அணிகள் வருடத்துக்கு ஒருமுறை கூடி, பள்ளிப் படிப்பை முடித்த ஆட்டக்காரிகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். பெண்களை ஒரு மண்டபத்துக்கு வரவழைத்து ஆடவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு சீட்டுக் குலுக்கி, எந்த அணி முதலில் என்று முடிவு செய்து, ஒவ்வோர் அணியாக ஒவ்வொரு பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும். எடுக்கப்பட்டவளுக்கு ஆட்டத்தோடு ஒரு வேலையும் தங்கும் இடமும் கிடைக்கும். எடுக்கப்படாதவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு வீட்டுக்குப் போவது என்றால் அடுத்த கோப்பித் தட்டு என்று அர்த்தம்.

அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்புதான் மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் இன்னும் வளர்வேனா என்று அவருக்குத் தெரிய வேண்டும். மூன்று அங்குலம் வளர்வேன் என்றால் தவுக்கே கண்ணை மூடிக்கொண்டு சம்மதிப்பார்.

அவர் என்னைச் சுவரோடு நிறுத்தி, என் தலை உயரத்தில் ஒரு கோடு போட்டார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி ஒரு நடுவிரலில் இருந்து மறு நடுவிரல் வரை அளந்தார்; அளந்து முடித்து, நம்பாமல் மறுபடி அளந்தார். என் கைகள் என் உயரத்தைவிட நீளமாக இருந்தன. உள்ளங்கையைத் தன் கையோடு வைத்துப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, பாசார் மலாயில், அதாவது கடைத்தெருவில் பேசும் கொச்சை மலாயில், நான் எந்த வயதில் பெரியவளானேன் என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இதெல்லாம் எதுக்கு இந்தம்மா கேக்குறாங்க? பந்து ஆடுறதுக்கும் இதுக்கும் என்ன?" என்று தமிழில் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். மேடத்துக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கோபம் புரிந்தது. அவர் அமைதியாகச் சொன்னார்: "சீக்கிரம் ஆனால் சீக்கிரம் நின்றுவிடும், ஆன்ட்டி. அதுக்குத்தான்." அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். பதினோரு வயது. மேடம் தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்பாவுக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை. சட்டென்று முன்னால் வந்து, "எங்க குடும்பத்துல லேட்டாதான் வளருவாங்க மேடம்," என்று தன் உத்தியோக மலாயில் ஆரம்பித்தார். "எங்கப்பா ஆறடிக்கு மேல. இருபத்திரண்டு வயசு வரைக்கும் வளர்ந்தாரு. எங்க சித்தப்பா இன்னும் ஒசரம்." எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அந்தத் தாத்தாவை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்பா பொய் சொல்லும்போது காது மடல் சிவக்கும். அன்று இரண்டும் மிளகாய் நிறத்தில் இருந்தன. மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மிகவும் பணிவாக, "அங்கிள், கொஞ்சம் சப்பாத்தக் கழட்டிட்டு இந்தச் சுவரோரம் நிக்கிறீங்களா?" என்றார்.

அப்பா குனிந்து கயிற்றை அவிழ்க்க எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவிழ்த்து எழுந்தபோது அவர் ஒரு சுற்றுச் சின்னவராக, சீருடை இல்லாத மனிதராக ஆகியிருந்தார். சுவரில் சாய்ந்து நின்றார். மேடம் அவர் தலைக்கு மேல் ஓர் அட்டையை வைத்து, பென்சிலால் கோடு போட்டார். என் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது அது.

"இப்ப ஆன்ட்டி," என்றார் மேடம்.

அம்மா மாட்டேன் என்றாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். கடைசியில் அப்பாதான், "போ, நில்லு. பிள்ளைக்காக," என்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மா சுவரோரம் போய் நின்றாள், எப்போதும் நிற்பது போலவே, கழுத்தை முன்னால் தொங்கவிட்டு, தோளைச் சுருக்கி. அம்மா அப்படித்தான் நிற்பாள், அப்படித்தான் நடப்பாள். அவள் உடம்பின் அமைப்பே அப்படி என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேடம் அட்டையை வைக்கப் போனவர் நிறுத்திவிட்டார். ஒரு கையை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். இன்னொரு கையின் இரண்டு விரல்களால் மோவாயை மெல்லத் தூக்கினார். அம்மாவின் பின்தலை சுவரைத் தொட்டது. தோள்கள் விரிந்தன. எனக்குத் தெரியாத ஒரு பெண் அந்தச் சுவரோரம் எழுந்து நின்றாள்.

அம்மாவின் கோடு அப்பாவின் கோட்டுக்கு மேலே விழுந்தது. கொஞ்சம் மேலே இல்லை. நாலு விரற்கடை மேலே.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள், ஊசி போட்டுக்கொள்கிறவளைப் போல. மேடம் மூன்று கோடுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு உயரம் ஆன்ட்டிகிட்ட இருந்து வந்திருக்கு," என்றார். பிறகு என்னிடம், ஒளிக்காமல், "இதுக்கு மேல நீ வளர மாட்ட. நடுவாட்டத்துக்கு உன்னை எடுக்கச் சொல்லித் தவுக்கேகிட்ட நான் கேக்க முடியாது. ஆனா கையி நீளமா இருக்கு. சனிக்கிழமை வா. எப்படித் தடுக்கிறன்னு பார்க்கணும்," என்று சொல்லிவிட்டு, கோப்பியை முழுவதும் குடித்து, கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு அப்பா சப்பாத்தை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சுவரின் முன் நின்றார். வெளியே பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குள் இருந்தேன். அந்த வீட்டில் அறைக்குள் இருந்தாலும் எல்லாம் கேட்கும்.

"இத்தனை வருஷமா குனிஞ்சேவா நடந்த?" என்று அப்பா கேட்டார்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "தாலி கட்டுற நேரத்துல உங்கம்மா காதுகிட்ட வந்து சொன்னாங்க. கொஞ்சம் குனிஞ்சுக்கமா, பையன் குட்டையா தெரியிறான்னு. குனிஞ்சேன்," என்றாள். "அப்புறம் யாரும் நிமிருன்னு சொல்லல."

"எனக்குத் தெரியாதே."

"தெரியக் கூடாதுன்னுதானே குனியிறது."

"இப்ப நான் சொல்றேன். நிமிரு."

"இந்த வயசுலயா? கழுத்து வலிக்கும்," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். போகிற வழியில் நின்று, "உங்கப்பா ஆறடியா? நான் அவருக்குச் சோறு போட்டிருக்கேன். என் தோளுக்குத்தான் இருந்தாரு," என்றாள். அதற்கு அப்பா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் சிறிது நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்படி அவர்கள் சேர்ந்து சிரித்து நான் அதிகம் கேட்டதில்லை. சாப்பிடும்போது அம்மா என் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "சனிக்கிழமை கிள்ளானுக்கு நானும் வரேன்," என்றாள்.

மூவரும் ரயிலில் போனோம். நிலையத்துக்கு நடந்த வழியில் அம்மா வழக்கம் போல அப்பாவுக்கு ஓரடி பின்னால் நடந்தாள், அப்பா நின்றார். அவள் பக்கத்தில் வந்த பிறகே நடந்தார். அவள் கழுத்து தன்னாலே கீழே போகும்; அப்பா லேசாகச் செருமுவார்; அது மேலே வரும். எதிரில் வந்த அவருடைய சக ஊழியர் ஒருவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா அவருக்குச் சத்தமாக வணக்கம் சொன்னார். அன்று அம்மாவின் கை என் பிடரிக்கு வரவில்லை.

கிள்ளான் மண்டபத்தில் தகரக் கூரையின் வெக்கை. அங்கே இருந்த பெண்களில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை. எல்லாருடைய கண்ணும் ஒரே ஒருத்தி மேல் இருந்தது: கிள்ளான் சீனப் பள்ளியில் இருந்து வந்த ஒரு பெண், ஆறடி. அவளுக்கு முன்னால் நான் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தேன். பழைய ஆட்டக்காரர்களும் அணி முதலாளிகளும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தவுக்கே வெள்ளைப் பனியனும் அரைக்கால் சட்டையுமாக, விசிறிக்கொண்டு இருந்தார். மேடம் விசிலை எடுத்துக்கொண்டு திடலுக்கு வந்து, எந்த முகமாற்றமும் இல்லாமல், அந்த ஆறடிப் பெண்ணைத் தடுக்க என்னை நிறுத்தினார்.

முதலில் அவமானம்தான். அவள் கையைத் தூக்கிப் பந்தை வாங்கினாள், திரும்பினாள், என் விரல்களுக்கு மேலே வளையத்தில் போட்டாள். நான் குதித்தேன், என் கை அவள் மணிக்கட்டுக்குத்தான் எட்டியது. மறுபடி அதே. தவுக்கே விசிறியால் என்னைக் காட்டி ஏதோ சொல்வதைப் பார்த்தேன். அப்போதுதான், இவள் கைக்குப் பந்து வந்த பிறகு நான் செய்ய ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. பந்து வருவதற்கு முன்னால்தான் எனக்கு வேலை. குதிப்பதை நிறுத்தினேன். இடுப்பைத் தாழ்த்தி, என் முன்கையை அவள் முதுகில் ஒட்டி வைத்தேன். எந்தக் காலில் பாரம் போடுகிறாள் என்று கைக்குத் தெரிந்தது. அவள் நகர நினைக்கும் இடத்துக்கு நான் முதலில் போய் நின்றேன். வளையத்துக்கு அருகில் பந்து வாங்க விரும்பினாள். ஓரடி வெளியே தள்ளி வாங்க வைத்தேன். பிறகு இன்னும் ஓரடி. அவளுக்குப் பந்து போட நினைப்பவர்களுக்கு முன்னால் என் நீளக் கையை நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பந்து போடுவதையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் கோபத்தில் மூச்சு வாங்கினாள். எனக்குள் ஒரு மகிழ்ச்சி பொங்கியது. அதுவரை என் உடம்பைப் பற்றி நான் அப்படி மகிழ்ந்ததே இல்லை.

இடைவேளையில் மேடம் தண்ணீர்ப் புட்டியோடு வந்தார். "ஒசரமான பிள்ளைங்களுக்கு முழங்கால் மடங்கவே மடங்காது. கெஞ்சணும். உனக்கு இவ்வளவு தாழ்ந்து நிக்க யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"அம்மா," என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் மேலே பார்வையாளர் படிக்கட்டில் சாப்பாட்டுப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முழங்கால மட்டும் மடக்கு. கழுத்த மடக்காத. கழுத்தக் குனிஞ்சா பந்து எங்க இருக்குன்னு தெரியாது."

ஆட்டம் முடிந்து சீட்டுக் குலுக்கினார்கள். தவுக்கேயின் அணிக்கு முதல் வாய்ப்பு வந்தது. அந்த ஆறடிப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பிறகு ஒவ்வோர் அணியாகப் பெயர் சொல்லச் சொல்ல, என் பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து போனார்கள். வரிசை நாற்காலிகள் காலியாகிக்கொண்டு வந்தன. நான் கழுத்தைக் குனியாமல் உட்கார்ந்திருக்க முயன்றேன். கடைசிச் சுற்றில் தவுக்கேயின் முறை மறுபடி வந்தபோது எங்களில் சிலர்தான் மிச்சம். தவுக்கே ஒரு மெலிந்த, உயரமான பெண்ணைக் காட்டினார். பதினேழு வயதுதான் இருக்கும், இன்னும் வளர்வாள். மேடம் தலையை ஆட்டி மறுத்தார். இருவரும் ஹொக்கியன் சீனத்தில் வாதாடினார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தவுக்கே கையைத் தன் தலைக்கு மேலே உயர்த்தி உயர்த்திக் காட்டியது மட்டும் புரிந்தது.

மேடம் சட்டென்று வாதத்தை நிறுத்தினார். ஏற்கெனவே எடுத்திருந்த அந்த ஆறடிப் பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. நான் அவளைத் தள்ளிவிட்டதாகப் புகார் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். படிக்கட்டில் இருந்து சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கி வந்த வேகத்தில் சாப்பாட்டுப் பை உருண்டது. நேராக மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "என் பிள்ளை யாரையும் தள்ளல! நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்! இந்தப் பொண்ணுதான் முழங்கையால இடிச்சா!" என்று தமிழும் மலாயும் கலந்து இரைந்தாள். தவுக்கே பதறி எழுந்து நின்றார். எழுந்த பிறகும் அவர் அம்மாவை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு துளி குனியாமல் நின்றுகொண்டிருந்தாள் அம்மா. அப்பா பின்னாலேயே ஓடிவந்தவர், அவளை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் பக்கத்தில் வந்ததும் அவளோடு நின்றுவிட்டார்.

மேடம் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆன்ட்டி, புகார் இல்ல. நான் அவகிட்ட கேட்டது வேற. இங்க இருக்கிறதுல யாரு உன் எதிர்ல வந்து நிக்கக் கூடாதுன்னு நீ நினைக்கிறன்னு கேட்டேன்."

அம்மாவுக்கு அது புரிய நேரமானது. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தவுக்கே அம்மாவைப் பார்த்தார், ஆறடிப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிறியை மேசையில் போட்டார். "போலே லா," என்றார். சரி, எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

அப்படித்தான் நான் கிள்ளானுக்குப் போனேன். பகலில் பிஸ்கட் தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு, மாலையில் திடல். அந்த ஆறடிப் பெண்ணும் நானும் ஒரே அறையில் பல வருடம் இருந்தோம். பயிற்சியில் தினமும் நான் அவளைத் தடுப்பேன், அவள் என்னைத் திட்டுவாள், பிறகு ஒன்றாகப் போய்ச் சாப்பிடுவோம். அவள் படம் பத்திரிகையில் வரும். என் படம் வராது. எத்தனை புள்ளி போட்டார்கள் என்றுதான் எழுதுவார்கள். என் பெயருக்கு எதிரே பெரும்பாலும் இரண்டு, நான்கு, சில நாள் ஒன்றுமே இல்லை.

ஞாயிறு மாலைகளில் விடுதித் தொலைபேசிக்கு அம்மா பக்கத்து வீட்டில் இருந்து பேசுவாள். முதல் ஆட்டம் முடிந்த வாரம், "எத்தனை பாயிண்ட் போட்ட?" என்று கேட்டாள். "ரெண்டு," என்றேன். "கவலப்படாத, அடுத்த வாரம் போடலாம்," என்றாள், பரீட்சையில் தோற்றவளைத் தேற்றுவது போல. நான் விளக்கினேன்: அம்மா, நான் போடுவது முக்கியம் இல்லை, எனக்கு எதிரில் நிற்கிற பெண் போடக் கூடாது, அதுதான் என் வேலை. அவள் "ஓ" என்றாள். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு கேட்டாள்: "சாப்பிட்டியா? எதிர்ல நின்ன பொண்ணு எத்தனை?" நான்கு என்றேன். "நாலுதானா? பாவம்," என்றாள் அம்மா. "அந்தப் பிள்ளை அழுதுச்சா?"

அதற்குப் பிறகு என் ஆட்ட வாழ்க்கை முழுவதும் அவள் அந்தக் கேள்வியைத்தான் கேட்டாள். துறைமுகத்தில் வேலை செய்த, என்னை விடச் சற்றே குள்ளமான ஒருவரை நான் திருமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது உயரத்தைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. தாலி கட்டும்போது பின்னால் இருந்து ஒரு கை என் பிடரிக்கு வந்தது. அது என்னை அழுத்தவில்லை. கலைந்திருந்த பூச்சரத்தைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டது.

அந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. அங்கே போனால் எந்த இடத்தில் எங்கள் வாசல் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள், தலைக்கு மேலே ரயில் ஓடுகிறது. அப்பா முதலில் போனார், சில வருடங்களில் அம்மாவும். இப்போதெல்லாம் ஆட்டம் நடக்கும்போதே யார் எவ்வளவு என்று எல்லாரும் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். என் பேத்தி காட்டினாள். நான் பார்த்தேன். அம்மா கேட்ட கேள்விக்கு அதிலும் பதில் தேட வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், என் கடைசி ஆட்டப் பருவத்தில், ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் நான் நன்றாகத் தோற்றேன். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது, முழங்கால் பேச்சுக் கேட்கவில்லை. எதிரில் வந்தது பள்ளியை விட்டு வந்த ஒரு மலாய்ப் பிள்ளை. நான் போக நினைத்த இடத்தில் அவள் ஏற்கெனவே இருந்தாள். ஆட்டம் முடிந்ததும் உடை கூட மாற்றாமல் மண்டப வாசலில் இருந்த காசு போடும் தொலைபேசியில் வீட்டுக்குக் கூப்பிட்டேன்; அதற்குள் அம்மா வீட்டிலும் தொலைபேசி வந்திருந்தது. அம்மா எடுத்தாள். அன்று சனிக்கிழமை, நாங்கள் பேசும் நாள் இல்லை. என் குரலும் சரியில்லை. ஆனாலும் வழக்கப்படியே கேட்டாள்.

"எதிர்ல நின்ன பொண்ணு எத்தனை?"

"நிறையம்மா. எண்ணல."

"ரொம்ப ஒசரமா?"

"இல்லம்மா. என்னை விடக் குட்டை."

அம்மா எனக்கு ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நல்லா ஆடுற பிள்ளைதான்," என்றாள். "அதோட அம்மா வந்திருக்காங்களா?"

திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே மரத்தடியில், தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்மணி அந்தப் பிள்ளைக்கு மீலோ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் அவர் மிகவும் சின்னவராகத் தெரிந்தார்.

"வந்திருக்காங்கம்மா."

"போய்ச் சொல்லு. அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

தொலைபேசியை வைத்துவிட்டுப் போனேன். அம்மா வயதுப் பெண்களை அழைப்பது போல மக்சிக் என்று கூப்பிட்டு, உங்கள் மகள் இன்று மிக நன்றாக ஆடினாள் என்று மலாயில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. நீயும் அவளோடுதான் ஆடினாயா என்று கேட்டார். இல்லை, எதிரில் நின்றது நான்தான் என்றேன். அவர் ஒரு கணம் என்னை அண்ணாந்து பார்த்தார். பிறகு இன்னொரு கோப்பையை எடுத்துத் துடைத்து, அதில் மீலோ ஊற்றி என்னிடம் நீட்டினார்.